அமெரிக்காவில் தண்ணீர் யார் கையில்? மாநிலமா, மத்திய அரசா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் வீடோ நிலமோ வாங்கப் போகிறவர்கள், கொலராடோ ஆற்றைப் பற்றிய செய்திகளைப் படித்துத் தலை சுற்றிப் போனவர்கள், சட்டம் படிக்கிற பிள்ளைகள் என்று பலர் என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. ஒரே இடத்தில் எழுதி வைத்தால் எல்லோருக்கும் உதவும் என்று தோன்றியது.

அளவு பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அங்கே தண்ணீரை ஏக்கர்-அடியில் கணக்கிடுவார்கள். ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரு அடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது ஒரு ஏக்கர்-அடி, ஏறத்தாழ 12 லட்சத்து 33 ஆயிரம் லிட்டர். டிஎம்சியில் கணக்குப் போட்டுப் பழகியவர்களுக்கு: 10 லட்சம் ஏக்கர்-அடி என்றால் சுமார் 43.5 டிஎம்சி.

ஒரே வரியில் சொல்லுங்கள், தண்ணீர் மீது அதிகாரம் யாருக்கு?

யார் எவ்வளவு எடுக்கலாம் என்பதை மாநிலச் சட்டம் சொல்கிறது; அந்தச் சட்டத்தைத் தாண்டி நிற்கும் சில உரிமைகளும் தடைகளும் மத்திய அரசின் கையில் இருக்கின்றன.

இதை இன்னும் கொஞ்சம் விரித்தால்தான் புரியும். அமெரிக்க அரசியலமைப்பில் 'தண்ணீர் உரிமை' என்று ஒரு வரி கூடக் கிடையாது. அதனால் மத்திய அரசு வேறு வேறு வாசல்கள் வழியாகத்தான் உள்ளே வருகிறது. படகு, கப்பல் போகிற ஆறுகள் வணிகப் பாதைகள் என்பதால் ஒரு வாசல். மேற்கில் பெரும் பரப்பு மத்திய அரசின் சொந்த நிலம் என்பதால் இன்னொன்று. பழங்குடியினரோடும் மெக்சிகோ, கனடாவோடும் போட்ட ஒப்பந்தங்கள் மூன்றாவது. அப்புறம் அது கட்டிய அணைகள், மாசுத் தடுப்புச் சட்டம், அழியும் உயிரினங்களைக் காக்கும் சட்டம். எந்த வாசல் வழியாக வந்தது என்று பார்க்காமல் 'மத்திய அரசு தலையிடுகிறது' என்று பொதுவாகப் பேசினால் எந்த வழக்கும் விளங்காது.

அரசியலமைப்பில் இல்லை என்றால் மாநிலங்களுக்கு இந்த அதிகாரம் எப்படி வந்தது?

கிழக்கில் இங்கிலாந்தின் பழைய பொதுச்சட்டத்தோடு வந்தது. மேற்கில் அதைத் தங்கச் சுரங்கக்காரர்கள் தாங்களே உருவாக்கிக்கொண்டார்கள். 1849-ல் கலிஃபோர்னியாவில் தங்கம் தேடிப் போனவர்கள் நின்றது மத்திய அரசின் நிலத்தில். நிலம் அவர்களுடையது இல்லை, ஆனால் மண்ணைக் கழுவத் தண்ணீர் வேண்டும். 'யார் முதலில் வாய்க்கால் வெட்டி எடுத்தானோ அவனுக்குத்தான் முதல் உரிமை' என்று முகாம்களில் ஒரு வழக்கம் உருவானது. 1855-ல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. 1866-ல் அமெரிக்க நாடாளுமன்றமும் உள்ளூர் வழக்கத்தை மதிப்பதாகச் சட்டம் போட்டது. 1877-ல் வந்த பாலை நிலச் சட்டம் இதை இன்னும் உறுதியாக்கியது. பொது நிலத்திலிருந்து தண்ணீரைப் பிரித்து அந்தந்த மாநிலத்தின் ஆளுகையில் அச்சட்டம் விட்டுவிட்டது என்று 1935-ல் மத்திய உச்ச நீதிமன்றம் விளக்கம் சொன்னது.

ஆக, மேற்கு மாநிலங்களின் அதிகாரம் மத்திய அரசு ஒதுங்கி நின்று இடம் கொடுத்ததால் வளர்ந்தது.

கிழக்கிலும் மேற்கிலும் ஒரே சட்டமா?

இல்லை. கிழக்கில் கரையோர உரிமை. ஆற்றை ஒட்டி நிலம் இருந்தால் பக்கத்து நிலக்காரர்களுக்குப் பாதகம் இல்லாமல் நியாயமான அளவு எடுத்துக்கொள்ளலாம். குறைந்தால் எல்லோருக்கும் குறையும். மேற்கில் முந்தியவர் உரிமை. அங்கே குறைந்தால் கடைசியாக வந்தவருக்கு முழுசாக நின்றுபோகும், முதலில் வந்தவருக்கு ஒரு சொட்டும் குறையாது. கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்களில் இரண்டும் கலந்து கிடக்கின்றன. அங்கே வழக்கறிஞர்களுக்கு ஓய்வே கிடையாது.

'முந்தியவர் உரிமை' நடைமுறையில் எப்படி இருக்கும்?

கொலராடோவில் ஒரு வாய்க்கால் தலைமதகை நினைத்துக்கொள்ளுங்கள். இரும்புப் பலகை, அதை ஏற்றி இறக்க ஒரு சக்கரம், அந்தச் சக்கரத்தில் ஒரு சங்கிலியும் பூட்டும். மதகுக்குக் கீழே, நடுவில் குறுகிப் பிறகு விரியும் ஒரு கான்கிரீட் தொட்டி. அதன் சுவரில் அளவுகோல் பதித்திருக்கும். பார்ஷல் அளவைத் தொட்டி என்று அதற்குப் பெயர். குறுகலுக்குச் சற்று முன்னால் தண்ணீர் நிற்கும் உயரத்தைப் பார்த்தாலே விநாடிக்கு எத்தனை கன அடி போகிறது என்று சொல்லிவிடலாம். வாய்க்காலைப் பார்த்துக்கொள்ளும் ஆளை அங்கே 'டிச் ரைடர்' என்பார்கள். மாநிலத்தின் சார்பில் ஆற்றைக் கண்காணிப்பவர் 'வாட்டர் கமிஷனர்'.

ஜூலையில் ஆறு மெலிகிறது. 1870-ஆம் ஆண்டு உரிமை வைத்திருப்பவருக்குத் தன் பங்கு முழுசாக வரவில்லை. அவர் 'கால்' (call) கொடுப்பார், அதாவது என் பங்கு வர வேண்டும் என்று கேட்பார். கமிஷனர் அவருக்கு மேலே உள்ள மதகுகளைப் பார்த்து, 1890-ஆம் ஆண்டுக்காரர் மதகை இறக்கிப் பூட்டுவார். 1890-காரர் நிலத்தை ஒட்டியே ஆறு ஓடும். தண்ணீர் கண்ணெதிரே கடந்து போகும், தொட முடியாது. பயிர் காய்வதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

கொடுமை என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் வறண்ட நிலத்தில் எல்லோருக்கும் பாதி என்று பிரித்தால் யாருக்குமே பயிர் கரையேறாது என்பது அந்த ஏற்பாட்டின் பின்னால் இருக்கும் கணக்கு. 1879 வறட்சியில் இந்தச் சண்டை கைகலப்பாகவே நடந்தது. செயின்ட் வ்ரெயின் ஓடையிலிருந்து வேறொரு வடிநிலத்துக்குத் தண்ணீர் கொண்டுபோன 'லெஃப்ட் ஹேண்ட்' வாய்க்காலின் தடுப்பணையை, ஓடைக்கரை விவசாயிகள் உடைத்துவிட்டார்கள். 1882-ல் கொலராடோ உச்ச நீதிமன்றம் வாய்க்கால்காரர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. கரையில் நிலம் இருப்பது கணக்கில் வராது, யார் முந்தி எடுத்தார் என்பதே கணக்கு என்றது.

பயன்படுத்தாவிட்டால் உரிமை போய்விடுமா?

போகலாம். 'பயனுள்ள பயன்பாடு' இருந்தால்தான் உரிமை. ஐடஹோவில் 5 ஆண்டுகள் தொடர்ந்து பயன்படுத்தாவிட்டால் பறிபோகக்கூடும். கொலராடோவில் 10 ஆண்டுகள் விட்டுவிட்டால் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். சிக்கனமாக இருந்தால் உரிமை குறைந்துவிடுமோ என்ற பயத்திலேயே தேவைக்கு மேல் பாய்ச்சுகிறவர்கள் உண்டு. இந்த விதியில் எனக்குப் பிடிக்காத இடம் இதுதான். சில மாநிலங்கள் சேமிப்புத் திட்டங்களுக்கு விலக்குக் கொடுக்கத் தொடங்கியிருப்பது நல்லது.

கொலராடோவில் மழைநீரைப் பிடித்தால் குற்றம் என்கிறார்களே?

2016 வரை பெரும்பாலான வீடுகளுக்கு அப்படித்தான். கூரையில் விழும் மழையும் கடைசியில் ஆற்றுக்குப் போய் யாரோ ஒரு மூத்த உரிமைக்காரருக்குச் சேர வேண்டியது என்பது வாதம். 2016-ல் சட்டம் மாறியது. இப்போது தனி வீடுகளிலும் நான்கு குடித்தனம் வரை உள்ள கட்டடங்களிலும் இரண்டு பீப்பாய்கள், மொத்தம் 110 காலன், அதாவது சுமார் 416 லிட்டர் வரை பிடித்து, தோட்டத்துக்கு ஊற்றலாம். குடிக்கப் பயன்படுத்தக் கூடாது. இது முழுக்க மாநிலச் சட்டம். மத்திய அரசுக்கு இதில் வேலையே இல்லை.

பழங்குடியினரின் தண்ணீர் உரிமை ஏன் மாநிலச் சட்டத்துக்குள் அடங்குவதில்லை?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

மொன்டானாவில் மில்க் ஆற்றங்கரையில் ஃபோர்ட் பெல்க்நாப் ரிசர்வேஷன், அதாவது பழங்குடியினருக்கு ஒதுக்கிய நிலம். குரோ வேந்த்ர, அசினிபாயின் மக்கள் பரந்து திரிந்த பெருநிலத்தை விட்டுக்கொடுத்து, 1888-ல் இந்தச் சிறு பகுதிக்குள் வந்தார்கள். விவசாயம் செய்து வாழுங்கள் என்று சொல்லித்தான் அரசு அவர்களை அங்கே வைத்தது. பிறகு ஆற்றின் மேல்பகுதியில் குடியேறியவர்கள் மாநிலச் சட்டப்படி வாய்க்கால் வெட்டினார்கள். 1905-ல் வறட்சி. கீழே இருந்தவர்களுக்குத் தண்ணீர் வரவில்லை. நாங்கள்தான் முதலில் பயன்படுத்தினோம் என்றார்கள் மேலே இருந்தவர்கள்.

1908-ல் விண்டர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் மிக எளிமையாக யோசித்தது. தண்ணீர் இல்லாத வறண்ட நிலத்தில் விவசாயம் செய் என்று ஒருவரிடம் சொல்லி ஒப்பந்தம் போட முடியுமா? ஒப்பந்தத்தில் தண்ணீர் என்ற சொல் எழுதப்படாமல் இருக்கலாம். நிலத்தை ஒதுக்கியபோதே அதற்கு வேண்டிய தண்ணீரும் சேர்ந்தே ஒதுக்கப்பட்டுவிட்டது. உரிமையின் தேதி ரிசர்வேஷன் உருவான தேதி. இது மத்தியச் சட்டத்தில் பிறந்த உரிமை என்பதால் பயன்படுத்தாமல் விட்டாலும் அழியாது.

இதன் விளைவைப் பாருங்கள். 1888-ல் ஒதுக்கப்பட்ட நிலத்தில் ஒருவர் இன்று முதல் முறையாக மதகு வைத்தாலும், வரிசையில் 1888-காரராகத்தான் நிற்பார். நூறு ஆண்டுகளாகப் பாய்ச்சிக்கொண்டிருக்கும் பக்கத்துப் பண்ணைக்காரர் அவருக்குப் பின்னால். தொன்றுதொட்டு மீன் பிடித்து வந்த ஆற்றில், 'நினைவுக்கெட்டாத காலம் முதல்' என்றே சில உரிமைகளுக்குத் தேதி போட்டிருக்கிறார்கள் நீதிபதிகள். எவ்வளவு தண்ணீர் என்ற கேள்விக்கு 1963-ல் அரிசோனா–கலிஃபோர்னியா வழக்கில் ஓர் அளவுகோல் கிடைத்தது: அந்த நிலத்தில் நடைமுறையில் பாசனம் செய்யக்கூடிய ஏக்கர்கள் எத்தனையோ, அதற்கு வேண்டிய அளவு. கொலராடோ ஆற்றின் கீழ்ப்பகுதியில் உள்ள ஐந்து ரிசர்வேஷன்களுக்கு ஆண்டுக்கு 9 லட்சம் ஏக்கர்-அடிக்கு மேல் கிடைத்தது.

அப்படியானால் பழங்குடியினருக்குத் தண்ணீர்ப் பஞ்சமே இருக்கக் கூடாதே?

இருக்கக் கூடாதுதான். ஆனால் இருக்கிறது. 'காகிதத் தண்ணீர்', 'ஈரத் தண்ணீர்' என்று அங்கே இரண்டு சொற்கள் புழங்குகின்றன. தீர்ப்பில் கிடைப்பது காகிதத் தண்ணீர். அதைக் குழாயில் வரவைக்க அணை, வாய்க்கால், பம்பு, பணம் எல்லாம் வேண்டும். நவஹோ மக்களின் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு வீடுகளுக்குக் குழாய் இணைப்பே இல்லை. லாரியில் தொட்டி ஏற்றிக்கொண்டு பல மைல் போய் நிரப்பிக்கொண்டு வருகிறார்கள். 1868 ஒப்பந்தப்படி எங்களுக்கு எவ்வளவு தண்ணீர் தேவை என்று கணக்கெடுத்து அதைப் பெற்றுத்தர வழி செய்ய வேண்டியது மத்திய அரசின் கடமை என்று அவர்கள் வழக்குப் போட்டார்கள். 2023-ல் உச்ச நீதிமன்றம் 5–4 என்ற கணக்கில் மறுத்தது. உரிமை உண்டு, ஆனால் அதைக் கொண்டுவந்து சேர்க்கும் செயல்களை அரசு எடுத்தே ஆக வேண்டும் என்று ஒப்பந்தம் சொல்லவில்லை என்றது. விண்டர்ஸ் தீர்ப்பின் எளிய நியாயத்தைப் படித்துவிட்டு இதைப் படித்தால் மனசு கனத்துப்போகிறது.

பேசித் தீர்த்த இடங்களில் ஓரளவு ஈரத் தண்ணீர் வந்திருக்கிறது. அரிசோனாவின் கீலா நதிப் பழங்குடிச் சமூகத்துக்கு 2004-ல் நாடாளுமன்றச் சட்டம் மூலம் ஆண்டுக்கு 6,53,500 ஏக்கர்-அடி உறுதியானது. வாய்க்கால் கட்டுவதற்கும் பணம் கிடைத்தது. அந்தப் பணம்தான் முக்கியம்.

தேசியப் பூங்காக்களுக்கும் காடுகளுக்கும் இதே உரிமை உண்டா?

உண்டு, ஆனால் அளவாக. நெவாடா பாலைவனத்தில் டெவில்ஸ் ஹோல் என்று ஒரு பிளவு. சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கிப் பார்த்தால் அடியில் வெதுவெதுப்பான நீர். அந்த நீரின் ஓரத்தில், ஆழமில்லாத ஒரு பாறைத் திட்டு. ஓர் அங்குலம்கூட இல்லாத நீல நிற மீன்கள் அந்தத் திட்டின் மேல்தான் முட்டையிடும். உலகத்தில் வேறு எங்கும் இயற்கையாக வாழாத மீன் அது. 1952-ல் அதிபர் ட்ரூமன் இந்த இடத்தை டெத் வேலி தேசிய நினைவிடத்தோடு சேர்த்தார். 1968-ல் பக்கத்துப் பண்ணையில் ஆழ்துளைக் கிணறுகளில் இறைக்க ஆரம்பித்ததும், பிளவுக்குள் நீர்மட்டம் இறங்கி, திட்டு வெளியே தெரிந்தது.

வழக்கு 1976-ல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. அந்த மீன் பிழைக்க வேண்டிய அளவுக்கு நீர்மட்டம் நிற்க வேண்டும், அதற்குக் கீழே இறங்கும்படி இறைக்கக் கூடாது என்று ஒருமனதான தீர்ப்பு. மாநில அனுமதி பெற்ற கிணறுதான் என்ற வாதம் எடுபடவில்லை. இரண்டே ஆண்டுகளில், 1978-ல், நியூ மெக்சிகோவின் கீலா தேசியக் காடு வழக்கில் அதே நீதிமன்றம் கடிவாளத்தை இழுத்தது. தேசியக் காடுகள் மரத்துக்காகவும் நீரோட்டம் காக்கவும் உருவானவை. அந்த முதன்மை நோக்கத்துக்கு மட்டுமே ஒதுக்கீடு, மீனுக்கும் பொழுதுபோக்குக்கும் வேண்டுமென்றால் மற்றவர்களைப் போல மாநிலத்திடம் விண்ணப்பியுங்கள் என்றது.

இந்த உரிமைகளையெல்லாம் எந்த நீதிமன்றம் அளந்து தருகிறது?

பெரும்பாலும் மாநில நீதிமன்றம். 1952-ல் வந்த மெக்காரன் சட்டத்திருத்தம் ஓர் ஆற்றின் எல்லா உரிமைகளையும் ஒட்டுமொத்தமாகத் தீர்க்கும் வழக்கில் மத்திய அரசையும் இழுத்துவிடலாம் என்றது. பழங்குடியினரின் உரிமையும் அங்கேயே அளக்கப்படும். ஆனால் மாநில நீதிபதி பின்பற்ற வேண்டியது மத்தியச் சட்டம். ஐடஹோவின் ஸ்நேக் ஆற்று வழக்கு 1987-ல் தொடங்கி 2014-ல் இறுதித் தீர்ப்பு வந்தது, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கோரிக்கைகள். அரிசோனாவின் கீலா ஆற்று வழக்கு 1974-ல் தொடங்கியது, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. தொடங்கி வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது கட்சிக்காரர்கள்.

பெரிய அணைகளைக் கட்டியது மத்திய அரசுதானே? அப்போது தண்ணீரும் அதனுடையதா?

இல்லை. 1902 மீட்புச் சட்டத்தின் கீழ்தான் 'பியூரோ ஆஃப் ரிக்லமேஷன்' என்ற துறை மேற்கில் அணைகளைக் கட்டியது. அந்தச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு, தண்ணீரை மாநிலச் சட்டப்படி பெற வேண்டும், அதன்படியே பகிர வேண்டும் என்கிறது. கலிஃபோர்னியாவின் நியூ மெலோனஸ் அணைக்கு மாநிலம் நிபந்தனைகள் விதித்தபோது மத்திய அரசு எதிர்த்தது; நாடாளுமன்றத்தின் கட்டளைக்கு முரண்படாத நிபந்தனை செல்லும் என்று 1978-ல் தீர்ப்பானது.

நீர்மின் திட்டங்களில் இது தலைகீழ். அங்கே உரிமம் கொடுக்கும் மத்திய ஆணையத்தின் சொல்தான் ஓங்கும். மாநிலத்தின் கையில் இருக்கும் ஆயுதம், தண்ணீரின் தரம் குறித்து தூய நீர்ச் சட்டத்தின் 401-ஆம் பிரிவில் வரும் சான்றிதழ். அதைக் கொடுக்க மறுத்தால் உரிமமே நின்றுபோகும்.

கொலராடோ ஆற்றில் என்னதான் நடக்கிறது?

1922 நவம்பரில் ஏழு மாநிலங்கள் சான்டா ஃபே அருகே உட்கார்ந்து ஆற்றைப் பிரித்தன. தலைமை தாங்கியவர் அப்போது வணிகத் துறைச் செயலாளராக இருந்த ஹெர்பர்ட் ஹூவர். மேல் வடிநிலத்துக்கு 75 லட்சம் ஏக்கர்-அடி, கீழ் வடிநிலத்துக்கு 75 லட்சம். அதாவது ஆளுக்கு 327 டிஎம்சி. 1944-ல் மெக்சிகோவுக்கு 15 லட்சம். கூட்டினால் 1 கோடியே 65 லட்சம். பிரித்த காலத்தில் ஆறு வழக்கத்தைவிடச் செழிப்பாக ஓடிக்கொண்டிருந்தது. 2000-க்குப் பிறகு சராசரியாக ஓடுவது சுமார் 1 கோடியே 25 லட்சம். இல்லாத 40 லட்சம் ஏக்கர்-அடியைத்தான் எல்லோரும் சேர்ந்து பங்கு போட்டிருக்கிறார்கள். பேச்சுவார்த்தை மேசையில் பழங்குடியினர் ஒருவருக்கும் இடமில்லை. இன்று அந்த வடிநிலத்தில் 30 பழங்குடி அரசுகள் இருக்கின்றன.

அரிசோனா இந்த ஒப்பந்தத்தை 1944 வரை ஏற்கவே இல்லை. 1934-ல் பார்க்கர் அணை வேலையைத் தடுக்க அதன் ஆளுநர் மாநிலக் காவல்படையையே ஆற்றங்கரைக்கு அனுப்பினார். நீதிமன்றத்துக்குப் போன மத்திய அரசு தோற்றது, ஏனென்றால் அந்த அணைக்கு நாடாளுமன்ற ஒப்புதல் இல்லை. நாடாளுமன்றம் உடனே ஒப்புதல் கொடுக்க, அணை எழும்பியது.

இந்த ஆற்றில் மத்திய அரசின் கை வேறு எங்கும் இல்லாத அளவுக்கு நீளம். ஹூவர் அணைக்கு வழிவகுத்த 1928 சட்டத்தின்படி கீழ் வடிநிலத்தில் உள்துறைச் செயலாளரோடு (அங்கே இது காவல் துறை இல்லை, மத்திய அரசின் நிலத்தையும் நீரையும் கவனிக்கும் துறை) ஒப்பந்தம் போடாமல் யாரும் ஒரு சொட்டு எடுக்க முடியாது. கலிஃபோர்னியாவுக்கு 44 லட்சம், அரிசோனாவுக்கு 28 லட்சம், நெவாடாவுக்கு 3 லட்சம் என்ற பங்கும் அந்தச் சட்டத்திலிருந்து வந்ததாக 1963 தீர்ப்பு சொன்னது. அரிசோனா தன் பங்கை ஃபீனிக்ஸுக்கும் டூசானுக்கும் கொண்டுபோக 336 மைல் கால்வாய் கேட்டது. 1968-ல் அனுமதி கிடைத்தது, ஆனால் கலிஃபோர்னியா ஒரு விலை கேட்டு வாங்கிவிட்டது: பற்றாக்குறை வந்தால் இந்தக் கால்வாய்க்குத்தான் முதல் வெட்டு.

அந்த நாள் 2021 ஆகஸ்டில் வந்தது. ஹூவர் அணையில் தேங்கும் மீட் ஏரிக்கு வரலாற்றில் முதல் முறையாகப் பற்றாக்குறை அறிவித்தார்கள். 2022-ல் அரிசோனா 5,12,000 ஏக்கர்-அடியை இழந்தது, கலிஃபோர்னியாவுக்கு வெட்டு இல்லை. அந்த ஆண்டு கோடையில் ஏரியின் பாறைச் சுவர்களில் வெள்ளையாக ஒரு பட்டை, மாடிக் கட்டட உயரத்துக்குத் தெரிந்தது. தண்ணீர் நின்ற இடத்தில் படிந்த கனிமப் படிவு அது. அரிசோனாவின் பினால் மாவட்டத்துப் பருத்தி விவசாயிகள் நிலத்தைத் தரிசாகப் போட்டார்கள். ஏரிகளை இயக்கும் 2007-ஆம் ஆண்டு வழிகாட்டு விதிகள் 2026 இறுதியோடு காலாவதி. ஏழு மாநிலங்களும் ஒத்துப்போகாவிட்டால் உள்துறைச் செயலாளர் தானே முடிவெடுக்கலாம், அடுத்த நாளே வழக்கு வரும். மாநிலங்கள் அவரிடம் முடிவை விடப் பயப்படுவதும், அவர் மாநிலங்களையே முடிவெடுக்கச் சொல்லி நெருக்குவதும் இதனால்தான்.

இரண்டு மாநிலங்கள் சண்டை போட்டால்?

நேராக மத்திய உச்ச நீதிமன்றம். கான்சாஸ்–கொலராடோ வழக்கில் 1907-லேயே 'நியாயமான பங்கீடு' என்ற கொள்கை வந்துவிட்டது. மாநிலங்களே உடன்பாடு போட்டுக்கொண்டால் நாடாளுமன்றத்தின் சம்மதம் வேண்டும். சம்மதம் கிடைத்துவிட்டால் அது மத்தியச் சட்டமாகவே ஆகிவிடும். ரியோ கிராண்டே ஆற்றுக்காக டெக்சஸும் நியூ மெக்சிகோவும் சமாதானமாகி வந்தபோது, எங்கள் அணை சம்பந்தப்பட்ட கோரிக்கை அப்படியே நிற்கிறது என்று மத்திய அரசு மறுத்தது. 2024-ல் உச்ச நீதிமன்றம் 5–4 என்று மத்திய அரசின் பக்கம் நின்றது. சண்டைக்காரர்கள் இருவரும் கை குலுக்கினாலும் மூன்றாமவர் ஒப்ப வேண்டும்!

நிலத்தடி நீர்?

மாநிலத்துக்கு மாநிலம் வேறு. டெக்சஸில் 1904 முதல் 'இறைத்தவருக்கே சொந்தம்'. அரிசோனா 1980-ல் சில பகுதிகளில் கட்டுப்படுத்தியது. கலிஃபோர்னியா 2014-ல்தான் விழித்தது. ஆனால் தண்ணீர் வணிகப் பொருள் என்பதால் பக்கத்து மாநிலத்துக்குக் கொண்டுபோகவே கூடாது என்று முழுத் தடை போட முடியாது. 1982-ல் நெப்ராஸ்கா வழக்கில் அப்படித் தீர்ப்பு.

மாசு விஷயத்தில் யார் சொல் செல்லும்?

1972-ஆம் ஆண்டு தூய நீர்ச் சட்டம் மத்தியச் சட்டம். குறைந்தபட்சத் தரத்தை அது வைக்கும், பல மாநிலங்கள் அதன் கீழ் அனுமதிகளைத் தாங்களே வழங்குகின்றன. எந்த நீர் அந்தச் சட்டத்துக்குள் வரும் என்பதில்தான் சண்டை. 2023-ல் ஐடஹோ தம்பதி ஒருவரின் மனை தொடர்பான சாக்கெட் வழக்கில், ஆறுகள், ஏரிகளோடு மேற்பரப்பில் தொடர்ந்து இணைந்திருக்கும் சதுப்பு நிலம் மட்டுமே உள்ளே வரும் என்று உச்ச நீதிமன்றம் சுருக்கிவிட்டது. மற்றவற்றைக் காப்பது இனி மாநிலத்தின் விருப்பம். சொந்தச் சட்டம் இல்லாத மாநிலங்களில் அந்தச் சதுப்புகளுக்கு இப்போது நாதியில்லை.

மீனுக்காக விவசாயியின் தண்ணீரை நிறுத்தியது உண்மையா?

உண்மை. ஓரிகன்–கலிஃபோர்னியா எல்லையில் கிளமாத் ஆற்றுப் பகுதி. 2001 ஏப்ரலில், வறட்சி ஆண்டில், அழிவின் விளிம்பில் இருந்த மீன்களைக் காக்க சுமார் 1,400 பண்ணைகளில் பெரும்பாலானவற்றுக்கு மத்தியத் துறை தண்ணீர் விடவில்லை. கோபத்தில் மக்கள் தலைமதகைத் திறந்தார்கள், மூடினார்கள், மறுபடி திறந்தார்கள். முதல் உலகப் போருக்குப் போய் வந்த வீரர்களுக்கு அரசே கூப்பிட்டுக் கொடுத்த நிலம் அங்கே நிறைய. அந்தக் குடும்பங்களின் வலி பொய்யில்லை. அடுத்த ஆண்டு விவசாயத்துக்குத் தண்ணீர் விட்டார்கள். செப்டம்பரில் ஆற்றின் கீழ்ப்பகுதியில் 30,000-க்கும் மேற்பட்ட மீன்கள் செத்து மிதந்தன. பெரும்பாலும் சால்மன். யூரோக் பழங்குடி மக்களுக்கு அது உணவு, வழிபாடு, வாழ்க்கை எல்லாமே. நஷ்டஈடு கேட்ட விவசாயிகளின் வழக்கு 2019-ல் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது. காரணமாக அழியும் உயிரினங்களைக் காக்கும் சட்டத்தைச் சொல்லவில்லை, பழங்குடியினரின் உரிமை வரிசையில் முன்னால் இருக்கிறது என்றார்கள். 2024-ல் அந்த ஆற்றின் நான்கு நீர்மின் அணைகளும் அகற்றி முடிக்கப்பட்டன.

மேற்கில் வீடு வாங்கப் போகிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

நிலத்தோடு தண்ணீர் தானாக வரும் என்று நினைக்காதீர்கள். கொலராடோவில் தண்ணீர் உரிமையைத் தனியாக விற்க முடியும். பத்திரத்தில் அது எழுதியிருக்கிறதா, வாய்க்கால் கம்பெனிப் பங்குகள் உங்கள் பெயருக்கு மாறுகின்றனவா என்று கேளுங்கள். கிணறு இருந்தால் அதன் அனுமதிச் சீட்டைக் கையில் வாங்கிப் படியுங்கள். 'வீட்டு உபயோகத்துக்கு மட்டும்' என்று இருந்தால் உள்ளே குளிக்கலாம், சமைக்கலாம். வெளியே ஒரு தக்காளிச் செடிக்குக் கூட ஊற்றக் கூடாது.

அரிசோனாவில் ஃபீனிக்ஸ், டூசான் வட்டாரம் போன்ற கட்டுப்பாட்டுப் பகுதிகளில் ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட மனைகளாகப் பிரித்தால் 100 ஆண்டுகளுக்குத் தண்ணீர் உறுதி காட்ட வேண்டும். ஐந்தாகப் பிரித்து விற்றால் வேண்டாம். அப்படி வளர்ந்த ரியோ வெர்டி ஃபுட்ஹில்ஸ் குடியிருப்புக்கு லாரித் தண்ணீர் தந்துகொண்டிருந்த ஸ்காட்ஸ்டேல் நகரம் 2023 ஜனவரி 1 முதல் நிறுத்தியது. பல நூறு வீடுகள் தவித்தன. அந்த வீடுகளை வாங்கியவர்களிடம் பத்திரம் இருந்தது, சாவி இருந்தது. விற்பவரிடம் 'தண்ணீர் எங்கிருந்து வருகிறது, யார் நிறுத்த முடியும்?' என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.